கடப்பாரையைப் பூட்டி வைத்தவன்

முப்பத்தொரு வருஷம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சீட்டு இல்லாமல் ஒரு ஸ்பானரைக்கூட வெளியே விட்டதில்லை. மானேஜரே வந்து நின்றாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். அங்கே என்னைக் கரித்துக்கொட்டாத ஆள் கிடையாது. ஆனால் வருஷக் கடைசியில் சாமான்களைச் சரிபார்க்கும்போது என் ஸ்டோரில் ஒரு வாஷர் குறைந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் ஓய்வு பெற்று, கோட்டையூரில் எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு மனைவியோடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பெருமை என்ன வேலை செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி இப்போது வளவில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள். வளவு என்றால் வீட்டுக்கு நடுவே முற்றத்தைச் சுற்றி ஓடுகிற தாழ்வாரம். அவளுக்கு வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் குழறிக் குழறித் திரும்பி வந்திருக்கின்றன. ரத்தக்கொதிப்புதான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நானும் ஒரு காரணம். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என்னை மன்னித்தாளா இல்லையா என்பதுதான் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் பதினாறு மாதமாக அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வந்தபோது இந்த வீட்டில் சாமான்கள் கிடந்த கிடப்பைச் சொல்ல வேண்டும். சுத்தியல் அடுப்படி ஜன்னலில் இருக்கும். திருப்புளிகளில் இரண்டு தையல் மிஷின் டிராயரிலும் ஒன்று சாமி அறையில் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலும் கிடந்தன. கட்டிங் பிளேயரை மூன்று நாள் தேடி அரிசிப் பானைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். உளிகள் ஒரு சாக்கில் துருவேறிக் கிடந்தன. கடப்பாரை மட்டும் பின்கட்டில் கிணற்றடிச் சுவரில் சாய்ந்து, வெயிலும் மழையும் பட்டுக்கொண்டு நின்றது. எனக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்க உடம்பே எரிந்தது.

காரைக்குடியில் ஓர் இரும்பு அலமாரி வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உள்ளே பலகை அடித்துக் கொக்கிகள் போட்டேன். திருப்புளிகளை நீளவாரியாக வரிசைப்படுத்தினேன். ஸ்பானர்களைச் சிறிதிலிருந்து பெரிது என்று மாட்டினேன். அரங்களுக்குத் தனித்தனியாகத் துணி உறை தைக்கச் சொன்னேன். மனைவிதான் தைத்துக் கொடுத்தாள். ஒன்றரை அங்குல ஆணி, இரண்டு அங்குல ஆணி, கான்கிரீட் ஆணி, வாஷர், நட்டு, மரத்திருகு எல்லாம் ஊறுகாய்ப் பாட்டில்களில் பிரிந்து போயின. ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே அந்தச் சாமானின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். ஒரு மாத வேலை. முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மில்லை விட்டு வந்தாலும் மில்லு உங்களை விடாது போல” என்றாள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. நான் அந்தப் பக்கம் போனதும் நல்ல திருப்புளி ஒன்றை எடுத்து எண்ணெய் டின் மூடியை நெம்பிவிட்டு அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுவாள். கேட்டால், “சீட்டு எழுதிக் குடுக்கவா?” என்பாள். நான் கோபப்படுவேன். அவள் கோபப்பட மாட்டாள். சிரித்துக்கொண்டே திருப்புளியைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுப்பாள்.

வீடு எனக்கு மட்டும் உரியதில்லை. பாதி என் அண்ணனுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவர், கோயமுத்தூரில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். வளவின் இடது பக்கத்து முதல் அறை அவருடையது. அவர் பூட்டிக்கொண்டு போனால் நாங்கள் அதைத் திறப்பதில்லை. அலமாரியில் இருந்த சாமான்களில் பாதி அப்பா வாங்கியவை. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்பச்சியின் சாமான் என்றால் அண்ணனுக்கும் பங்கு உண்டு. அதை நான் யோசிக்கவே இல்லை. அடுக்கி வைத்தவன் நான், ஆகவே எல்லாம் என்னுடையது என்று மனசுக்குள் ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது.

அப்பச்சியின் திதிக்கு அண்ணன் வந்திருந்தார். அடுத்த தெருவில் ஒருவர் தம் பழைய வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து கேட்டாரென்று அண்ணன் என் டிரில்லிங் மிஷினையும் அப்பச்சியின் உளி மூன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாமான்கள் திரும்பி வந்தபோது ஓர் உளியின் வாய் உடைந்து போயிருந்தது. மிஷினில் துளை போடுகிற பிட்டு ஒன்று இல்லை. அன்றுதான் திதி. முப்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் குழம்பு வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். நான் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு பந்திக்கு நடுவே போய் நின்றேன்.

“என்னைக் கேட்டா குடுத்தீக? இது உங்க வீட்டுச் சாமானா?” என்றேன்.

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். “அப்பச்சி வாங்குன உளிக்கு நீ என்னடா ஸ்டோர் கீப்பரு?” என்றார்.

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அது அவருக்கு ஆதரவான சிரிப்பா எனக்கு ஆதரவானதா என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு பங்கு பேசுகிறவர், அப்பச்சி படுக்கையில் கிடந்தபோது எத்தனை நாள் வந்து பார்த்தார் என்று கேட்டேன். முப்பது பேருக்கு முன்னால் கேட்டேன். 

அன்று சாயங்காலமே அண்ணன் காரைக்குடிக்குப் போய் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், நல்ல கனம். அலமாரியின் கொண்டியில் மாட்டிப் பூட்டினார். “இது பொதுச் சாமான். பொதுச் சாமானுக்கு ரெண்டு பூட்டு. அதுதான நம்ம பக்கத்து வழக்கம்? நீயும் ஒண்ணு போட்டுக்க” என்றார்.

அது வழக்கம்தான். பங்காளிகளுக்குப் பொதுவான அறை என்றால் ஆளுக்கொரு பூட்டுப் போடுவார்கள். நாலு பங்கென்றால் நாலு பூட்டு தொங்கும். எல்லாரும் வந்து ஆளுக்கொரு சாவி போட்டால்தான் கதவு திறக்கும். வெள்ளிப் பாத்திரமும் கல்யாணச் சாமானும் இருக்கிற அறைக்கு அது சரி. ஒரு சுத்தியலுக்கும் நாலு திருப்புளிக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த ஆட்கள் நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருப்போம். நான் உடனே என் பூட்டை எடுத்து அவர் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அவரைத் திறக்கச் சொல்லி, கிணற்றடியில் நின்ற கடப்பாரையைக் கொண்டுவந்து உள்ளே சாய்த்து வைத்தேன். அதுவும் அப்பச்சி வாங்கியதுதானே, அது மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். இரண்டு பேரும் பூட்டினோம். மறுநாள் அவர் ஊருக்குப் போனார். அதோடு பேச்சு நின்றது.

எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் ஆணி அடிக்க அம்மிக்குழவிதான். கடையில் ஒரு சுத்தியல் என்ன விலை, வாங்கிப் போட்டிருக்கலாம். புதிதாக வாங்கினால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடும் என்று வாங்கவில்லை. “ஒரு ஆணி அடிக்க ஒருத்தர் கோயமுத்தூர்லருந்து ரயிலேறி வரணுமாக்கும்” என்று மனைவி முதலில் கிண்டல் செய்தாள். பிறகு கிண்டலை விட்டுவிட்டு, “போனு போட்டுப் பேசுங்க, மூத்தவுகதான” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பின்கட்டில் குளியலறை கட்டியபோது அவள் பிளாஸ்டிக் கதவு போதும் என்றாள். தண்ணீர் பட்டால் உப்பாது, லேசாக இருக்கும் என்றாள். பழைய நெல் அறையின் கதவு ஒன்று சும்மா கிடந்தது. “பர்மாத் தேக்கு கெடக்கையில பிளாஸ்டிக் கதவு மாட்டுனா பாக்குறவன் சிரிப்பான்” என்று சொல்லி அதை அறுத்துச் சின்னதாக்கி மாட்டினேன். உள்ளே கனமான இரும்புத் தாழ்ப்பாள். இரண்டு அங்குலத் தேக்கு. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதவைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்து நான் முகப்பில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் ஏதோ விழுகிற சத்தம். வாளி என்று நினைத்தேன். பிறகு அவள் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது.

“என்னங்க... வலது கை வரமாட்டேங்குது. எந்திரிக்க முடியலை.”

“தாழ்ப்பாளை எடுத்து விடு.”

“எட்டலை.”

கதவைத் தோளால் இடித்தேன். எனக்கு அறுபத்தைந்து வயது. அது அசையவில்லை. மேலே காற்றுக்கு விட்ட சின்ன ஜன்னலில் கம்பி. நான் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அதில் தாமதம் செய்யவில்லை. அடுத்து, தெரிந்த தச்சரைக் கூப்பிட்டேன். அவர் ஆத்தங்குடியில் ஒரு வேலையில் இருந்தார். வர முக்கால் மணி நேரமாகும் என்றார். தெருவுக்கு ஓடினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். உரியவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், கல்யாணத்துக்குத்தான் வருவார்கள். எதிர்ச் சாரியில் தட்டினேன், யாரும் வரவில்லை. திரும்ப உள்ளே ஓடி வந்தேன். கடப்பாரை என்று தோன்றியது. கால் தானாகக் கிணற்றடிக்குப் போனது. சுவரில் அது சாய்ந்திருந்த இடத்தில் துருக்கறை மட்டும் இருந்தது.

அலமாரிக்குப் போனேன். என் பூட்டைத் திறந்தேன். அண்ணன் பூட்டு தொங்கியது. அடுப்படியிலிருந்து குழவியைத் தூக்கிவந்து அதை அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அலமாரி முழுக்க அதிர்ந்தது. உள்ளே நான் வரிசையாக மாட்டி வைத்த ஸ்பானர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டன. சுத்தியல் உள்ளே இருந்தது. ஆக்ஸா பிளேடு உள்ளே இருந்தது. எல்லாம் பெயர் எழுதி, எந்தக் கொக்கியில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கல்லால் அடித்துக்கொண்டிருந்தேன்.

“உங்க அண்ணனுக்குப் போனு போடுங்க” என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். அலமாரிக்கும் குளியலறைக்கும் பத்தடிதான். நன்றாகக் கேட்டது.

“அவரு எதுக்கு? சாவி கோயமுத்தூர்ல இருக்கு.”

“கேட்டுத்தான் பாருங்களேன். போனு போடுங்க.”

நான் குழவியை ஓங்கினேன். அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. “அண்ணனை... கூப்பிடுங்கன்னேன்ல...”

“நீ பேசாம இரு!” என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சாவி கோயமுத்தூரில் இருக்கிறதென்று நான் நம்பினேன். அது பொய்யில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று யார் கேட்டாலும் சொல்லலாம், யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நான் கூப்பிடாததற்கு அது காரணமில்லை. போன் என் சட்டைப் பையில் இருந்தது. அண்ணன் பெயரை அழுத்த என் விரலுக்கு மனசு வரவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு முதலில் பேசுகிறவன் நானாக இருக்கக் கூடாது. மனைவி கதவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும்போதுகூட அந்த வைராக்கியம் எனக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநரும் ஒரு பெண்ணும் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். ஓட்டுநரும் நானும் சேர்ந்து இடித்தோம். தேக்கு அசைந்து கொடுக்கவில்லை.

“ஐயா, கடப்பாரை இருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இருக்கு.”

“எங்குட்டு?”

“அலமாரியில. பூட்டியிருக்கு. சாவி எங்க அண்ணன்ட்ட.”

அவள் என்னைப் பார்த்தாள். எட்டு மாதக் கதை அவளுக்குத் தெரியாது. “அப்ப அவருக்குப் போனைப் போடுங்கய்யா. நிக்கிறீகளே” என்றாள்.

முன்பின் தெரியாத ஒருத்தி அதட்டியதும் போட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன், அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார். “என்ன?” என்றார். நான் சொன்னேன்.  “மாத்துச் சாவி அங்கதான்டா இருக்கு. என் அறை நிலைக்கு மேல, வெளிப்பக்கம், சாமி படத்துக்குப் பின்னாடி. எடுறா, எடு” என்று கத்தினார்.

அலமாரியிலிருந்து அந்த நிலை பன்னிரண்டு எட்டு. பின்னால் ஒருநாள் நடந்து எண்ணிப் பார்த்தேன். ஸ்டூல்கூட வேண்டியதில்லை, கையை நீட்டினால் எட்டுகிற உயரம். தினமும் காலையில் அந்தப் படத்துக்குப் பூ வைத்தது அவள்தான். ஒருவேளை சாவியைப் பார்த்திருப்பாளோ, அதனால்தான் கூப்பிடு கூப்பிடு என்றாளோ என்று நினைப்பேன். பார்த்திருந்தால் இடத்தையே சொல்லியிருப்பாள். அவளுக்கும் தெரியாது. கேட்டால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அவளுக்கு இருந்தது.

கடப்பாரையால் ஓட்டுநர் மூன்று நெம்பு நெம்பினார். தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. அவள் ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது.

காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று எழுதிக்கொண்டே சொன்னார். எவ்வளவு முன்னாடி என்று கேட்டேன். “அப்படி நிமிஷம் போட்டுச் சொல்ல முடியாதுங்க” என்றார். எனக்கு அது போதவில்லை. வாஷர் முதல் எண்ணிப் பழகினவன். போனை எடுத்துப் பார்த்தேன். அது எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதற்கும் அண்ணனை முதலில் அழைத்ததற்கும் நடுவே இருபத்தெட்டு நிமிஷம். அந்த இருபத்தெட்டு நிமிஷத்தில் அவளுடைய வலது கையையும் பேச்சையும் காப்பாற்றியிருக்க முடியுமா, எப்படியும் இரண்டும் போயிருக்குமா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நான் மதுரையில் மூன்று பேரைக் கேட்டுவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மகளிடம் பூட்டைச் சொன்னேன், கதவைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, “நீங்க என்னப்பா பண்ணுவீக” என்றாள். கூப்பிடச் சொல்லி அவள் அம்மா கெஞ்சியதைச் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் மதுரைக்கு ஓடி வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போன் செய்கிறார். எங்கள் பகை போய்விட்டது. அது போவதற்குக் கொடுத்த விலையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்த பிறகு முதல் வேலையாக அலமாரியைக் காலி செய்து பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தேன். வளவில் அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் நீளமாகப் பலகை அடித்து எல்லாச் சாமானையும் வெளியே மாட்ட ஆரம்பித்தேன். கதவு கிடையாது, பூட்டுக் கிடையாது. யாரும் வந்து எதையும் எடுத்துக்கொண்டு போகலாம். பெயர் ஒட்டவில்லை. கடப்பாரையைத் திரும்பக் கிணற்றடியில் வைத்தேன்.

இதெல்லாம் அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பார்க்கட்டும், நான் திருந்திவிட்டேன் என்று புரிந்துகொள்ளட்டும். முதல் ஆணியை அடித்தபோது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது அடிக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலைவலி என்று நினைத்தேன். நாலைந்து அடிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. குளியலறைத் தரையில் கிடந்து அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தது இந்தச் சத்தத்தைத்தான். மிச்சத்தைப் பிசின் போட்டு ஒட்டினேன். கனமான சாமான்கள் அடிக்கடி கீழே விழுகின்றன.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். தண்ணி, போதும், வேணாம், வலி, மகள் பெயர் என்று ஒவ்வொன்றாக மீட்டுக்கொடுத்தாள். என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். ‘என்னங்க’ மட்டும் வரவில்லை. “வரும் சார், அவங்களுக்கு எது முக்கியமோ அது வந்திரும்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

போன மாதம் அண்ணன் வந்தார். ஸ்டேஷனிலிருந்து டவுன் பஸ் பிடித்து, முழங்கால் வலியோடு நடந்து வந்து சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டு வளவில் உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்தார். உளிகள் மழைக்காலத்தில் துருப்பிடித்திருந்தன. நான் கவனிப்பதை விட்டுவிட்டிருந்தேன். “மண்ணெண்ணெய் இருக்கா?” என்றார். இருவரும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். அவர் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பார், நான் எண்ணெய் தடவி அடுக்குவேன். வாய் போன அந்த உளியும் வந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தேய்த்தார். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காதடா” என்றார் அண்ணன். “அவ விழுந்ததும் என்னைக் கூப்பிட்டுட்ட. அதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டிவிட்டு அடுத்த உளியை எடுத்திருக்கலாம். பதினைந்து மாதமாக அப்படித்தான் செய்திருந்தேன். அந்தக் கண் முன்னால் அதைச் செய்ய முடியவில்லை.

“உடனே கூப்பிடலைண்ணே. இருபத்தெட்டு நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டேன். இவ உள்ள கெடந்து மூணு தடவை சொன்னா, உங்களைக் கூப்பிடச் சொல்லி. நான்தான் மாட்டேன்னுட்டேன். பேசாம இருன்னு கத்துனேன்.”

அண்ணன் கையிலிருந்த உப்புத்தாள் நின்றது. என்னைத் திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டியது.

“நீ முதல்ல அடிச்சப்ப போனு என் கையிலதான்டா இருந்துச்சு” என்றார். “உன் பேரைப் பார்த்தேன். நல்லா அடிக்கட்டும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது தடவையும் பார்த்தேன். எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் என் நெனப்பு வந்துச்சாக்கும்னு...” 

எனக்கு ஒரு கணம் நெஞ்சுப் பாரம் குறைந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. குற்றத்தில் கூட்டாளி கிடைத்துவிட்டார். அவர் தோளில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தம்பி இருவரும் அவள் கட்டிலடியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“போங்க.”

திரும்பிப் பார்த்தோம். பயிற்சிக்கு வரும் பெண் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்ததில்லை. குழறல் இல்லாமல், விழுவதற்கு முன்னால் பேசியது போலவே என் மனைவி பேசியிருந்தாள். அண்ணன் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்தார். அவள் இடது கையைத் தூக்கி முதலில் அவரையும் பிறகு என்னையும் காட்டினாள். வாசல் பக்கம் கையை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

உளிகளை அப்படியே போட்டுவிட்டு இருவரும் முகப்புக்கு வந்தோம். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார். ஐந்து மணிக்கு அவளுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். காய்ச்சி ஆற்றிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வளவு வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கத் துணிச்சல் வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதை ஊட்ட இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.